ராகு காலத்துக்கு முன்னால் ஒரு விசில்

வெரோனிகா கபிரியேல் பதினாறு வருடமாகக் கொடி பிடித்தவள். கட்சிக் கொடி அல்ல. அதைப் பிடித்திருந்தால் இத்தனை வருடத்தில் ஒரு டத்தோ பட்டமாவது வீடு தேடி வந்திருக்கும். இது காற்பந்துத் திடலின் ஓரக் கோட்டில் இங்கும் அங்கும் ஓடி, பந்து வெளியே போனால் தூக்கிக் காட்டுகிற கொடி. கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்ப் பெண்கள் காற்பந்துக் கிண்ணத்தில் மட்டும் பதினொரு இறுதியாட்டங்களில் அவள் கொடி பிடித்திருக்கிறாள். பதினொன்றிலும் நடுவில் விசிலோடு நின்றது ஓர் ஆண்.

"பைனல்ல டென்ஷன் ஜாஸ்தி வெரோனிகா. பொம்பளைங்க சண்ட போட்டா, ஆம்பள ஒருத்தர் நடுவுல இருந்தாத்தான் அடங்குவாங்க" என்பார் ரெங்கசாமி. நடுவர்களை யார் எங்கே போடுவது என்று முடிவு செய்வதும், ஆட்டம் முடிந்ததும் அவர்களுக்கு மதிப்பெண் போடுவதும் அவர் வேலை.

"ஆம்பளைங்க பைனல்ல சண்ட வந்தா யாருண்ணே அடக்குறது?" என்று ஒருமுறை வெரோனிகா கேட்டாள்.

"போலீசு" என்றார் ரெங்கசாமி, கொஞ்சமும் யோசிக்காமல்.

வார நாட்களில் அவள் செந்தூலில் ஒரு கார் ஓட்டும் பள்ளியில் பயிற்சியாளர். அதுவும் ஏறக்குறைய ஓரத்தில் உட்காருகிற வேலைதான். ஸ்டியரிங் அடுத்தவர் கையில் இருக்கும். இடப்பக்க இருக்கையில், அவள் காலடியில், கூடுதலாக ஒரு பிரேக் இருக்கும். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாக அவளைக் கொல்லப் பார்ப்பார்கள். அவள் பிரேக்கை மிதிப்பாள். மஞ்சள் விளக்கு விழுந்தாலே நிறுத்தச் சொல்வாள். "உன்கூட கார்ல போறதுக்கு நான் நடந்தே போயிருவேன் லா" என்று கணவன் நைஜல் சொல்வான். சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துகொள்வான்.

நடுவர் பயிற்சியில் அவளுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு. கொடியைத் தூக்கியபின் இறக்கிவிடலாம். விசிலை ஊதியபின் திரும்ப உள்ளே இழுக்க முடியாது. வெரோனிகா இதை ஞானஸ்நானம் வாங்கியது மாதிரி வாங்கிக்கொண்டாள். பள்ளிப் பிள்ளைகள் ஆட்டம், தொழிற்சாலை ஆட்டம், தீபாவளி ஆட்டம் என்று சின்னச் சின்ன ஆட்டங்களில் நடுவில் நின்றபோதெல்லாம், காரணம் இல்லாமல் ஒரு தடவைகூட அவள் ஊதியதில்லை. மற்ற நடுவர்கள் ஆட்டத்துக்கு முன்னால் விசிலைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று பீப் பீப் என்று ஊதுவார்கள். அவள் அதையும் செய்வதில்லை. வீட்டிலேயே சோதித்துவிட்டு வருவாள்.

போட்டியின் விதிப்படி நாற்பத்தைந்து வயது ஆகிவிட்டால் நடுவில் நிற்கக் கூடாது, கொடிதான். மூச்சு வாங்குமாம். விதியை எழுதிய செயற்குழுவில் சராசரி வயது அறுபத்து மூன்று, படியேறி வரும்போதே மூச்சு வாங்கும். அது வேறு விஷயம். வெரோனிகாவுக்கு ஆகஸ்டில் நாற்பத்தைந்து. இறுதியாட்டம் ஜூலையில். வழக்கம்போல் ஓர் ஆணைத்தான் போட்டிருந்தார்கள். அந்த மனிதர் தம் மகன் பிறந்தநாள் விழாவில், பிள்ளைகள் குதிக்கக் காற்றடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் கோட்டையில் தாமும் ஏறிக் குதித்துக் கணுக்காலை உடைத்துக்கொண்டார். வியாழக்கிழமை ரெங்கசாமி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"வேற ஆளு கிடைக்கல. நீயே நடுவுல நில்லு. எட்டு மார்க்குக்கு மேல வாங்கிட்டேன்னா வயசு விதியத் தளர்த்தி இன்னும் ரெண்டு வருஷம் நடுவுலயே போடச் சொல்லி நானே எழுதறேன்."

வாழ்த்துச் சொல்லும் முறையா இது? இருந்தாலும் வெரோனிகா போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கறுப்புச் சட்டையை நாலு தடவை இஸ்திரி போட்டாள்.

மோதிய இரண்டு அணிகளும் பிரிக்பீல்ட்ஸ் மகளிர் மன்றமும் கிள்ளான் மகளிர் மன்றமும். இருபது வருடங்களுக்கு முன்னால் இரண்டும் ஒரே மன்றம். நாகையா தலைவர், விஜயன் செயலாளர். ஒரு கிண்ணம் ஜெயித்து, பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் நாகையா முழுதாக இருந்தார். விஜயனின் தோள்பட்டை மட்டும் இருந்தது. பத்திரிகைக்குப் படத்தை வெட்டிக் கொடுத்தது நாகையாதான் என்று விஜயன் சொன்னார். இல்லை, படம் எடுத்தவனின் கைதான் கோணல் என்று நாகையா சொன்னார். மன்றம் உடைந்தது. நாகையா கிள்ளானுக்குப் போனார். விஜயன் பிரிக்பீல்ட்சில் இருந்தார். அன்றிலிருந்து இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. கோல் அடித்த பெண்ணின் பெயர் யாருக்கும் நினைவில்லை. படத்திலும் அவள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரைக்கு ஆட்டம். பூச்சோங்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு திடல்கள். ஒன்றை ஏழு மணி வரைக்கும் எடுத்திருந்தார்கள். மற்றதில் யாரோ பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். வெரோனிகா மூன்று மணிக்கே வந்து வலையில் ஓட்டை இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தாள். திடலின் வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். அதில் தலைமை விருந்தினர் டத்தோவின் முகம், இரண்டு தலைவர்கள் முகம், செயற்குழுவினர் பதினான்கு பேர் முகம், மூலையில் ஒரு பந்து. ஆடப்போகும் இருபத்திரண்டு பெண்களில் ஒருத்தியின் முகத்துக்கும் இடம் இல்லை. பந்துக்குக் கிடைத்ததே பெரிது.

மூன்றே முக்காலுக்கு நாகையா வெரோனிகாவிடம் வந்தார். கையில் சுவரிலிருந்து கழற்றிய நாள்காட்டி.

"அம்மா, நாலரைக்கு ராகு காலம் தொடங்குது. ஆறு மணி வரைக்கும். அந்த நேரத்துல எதயும் ஆரம்பிக்கக் கூடாது. அந்தாளுகிட்ட சொல்லிருங்க."

அந்த ஆள் ஒரு கை தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். விஜயனும் வெரோனிகாவிடமே பேசினார், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவளை டீச்சர் என்பது அவர் வழக்கம்.

"அவருகிட்ட சொல்லுங்க டீச்சர், அது மெட்ராஸ் டைமு. இங்க சூரியனே ஏழு மணிக்கு மேலதான் எந்திரிக்குது. மலேசியாவுல இன்னிக்கு ராகு காலம் அஞ்சே முக்காலுலேர்ந்து ஏழே கால் வரைக்கும். என் போன்ல ஆப் இருக்கு."

"ராகு ஆப் பாத்தா வர்றாருன்னு கேளுங்கம்மா."

"பின்ன பிளைட்டப் புடிச்சு மெட்ராஸ்லேர்ந்து வர்றாரான்னு கேளுங்க டீச்சர்."

தேதி குறித்தபோது இந்த இரண்டு பேரும் அதே கூட்டத்தில்தான் இருந்தார்கள். அன்றைக்கு எந்த நாள்காட்டியையும் யாரும் பார்க்கவில்லை. டத்தோவுக்கு எந்த ஞாயிறு ஒழியும் என்பதை மட்டும் பார்த்தார்கள்.

வெரோனிகா மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். இவர் ராகு நாலரை முதல் ஆறு வரை. அவர் ராகு ஐந்தே முக்கால் முதல் ஏழே கால் வரை. இரண்டு ராகுவையும் மதித்தால், நாலரையிலிருந்து ஏழே கால் வரை திடலில் புல்தான் வளரலாம். ஏழு மணிக்குத் திடலை விட்டுக் கொடுக்க வேண்டும். மாதாகோயிலில் காலைப் பூசை முடித்துவிட்டு வந்தவளுக்கு, ஒரு ராகுவோடு மல்லுக்கட்டுவதே புது அனுபவம். இங்கே இரண்டு பேர்.

அப்போதுதான் ரெங்கசாமி நடுவில் புகுந்து, தாம் ஏன் செயற்குழுவில் இருக்கிறார் என்பதை நிரூபித்தார்.

"இப்ப நாலு மணி. ரெண்டு பேருக்கும் நாலரைக்கு முன்னால நல்ல நேரம்தானே? டத்தோ வந்ததும் பந்த ஒரு உதை உதைக்கட்டும். வெரோனிகா ஒரு விசில் ஊதட்டும். ஆட்டம் நல்ல நேரத்துல ஆரம்பிச்சாச்சு. அப்புறம் மாலை, பொன்னாடை, பேச்சு எல்லாம் முடிச்சு, நிஜ ஆட்டத்த ஆடிக்கலாம். புது வீட்டுல நல்ல நேரத்துல பால் காய்ச்சிட்டு, சாமான அப்புறமா லோரியில ஏத்திக்கிட்டு வர்றதில்ல?"

இரண்டு தலைவர்களும் தலையாட்டினார்கள். இருபது வருடத்தில் முதல் ஒற்றுமை.

"டத்தோ உதைக்கட்டும்ணே. விசில் எதுக்கு?" என்றாள் வெரோனிகா.

"விசில் இல்லாம ஆரம்பம் எப்படிம்மா ஆரம்பமாகும்?" நாகையா பதறிவிட்டார். "மேளம் கொட்டாம தாலி கட்டுவாங்களா?"

"நான் ஊதினா ஆட்டம் தொடங்கிருச்சுன்னு அர்த்தம். சும்மா ஊத முடியாது."

"சும்மா இல்லம்மா. சம்பிரதாயம்."

"என்னால முடியாதுண்ணே."

மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை ரெங்கசாமி கிட்ட வந்தார். கையிலிருந்த மதிப்பெண் தாளைத் திருப்பிக் காட்டினார். ஓட்டம், தீர்ப்பு, உடை என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் 'ஏற்பாட்டாளர்களுடன் ஒத்துழைப்பு' என்று இருந்தது. அதன்மேல் பேனாவை வைத்துத் தட்டினார்.

வெரோனிகாவுக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. அதைவிடப் பயம் அதிகமாக இருந்தது. பதினாறு வருடம் காத்திருந்து கிடைத்த ஒரே ஆட்டம், தொடங்குவதற்கு முன்னாலேயே ஒரு கட்டத்தில் கோட்டைவிட வேண்டுமா? ஒரு விசில்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மஞ்சள் விளக்கில் வண்டியை விடுகிற ஒவ்வொருத்தரும் இதைத்தான் சொல்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். "சரிண்ணே" என்றாள்.

நாலு பத்தொன்பதுக்கு டத்தோ வந்தார். நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் அளவில் அது சீக்கிரம். பெண்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். கிள்ளான் கோல்காப்பாளர் கையுறையைக் கழற்றிவிட்டு மாலையோடு நின்றாள், உயரமானவள் என்பதால் அந்தப் பொறுப்பு. அறிவிப்பாளர் மைக்கில், "இப்போது சம்பிரதாயத் தொடக்கம் மட்டும்தான், ஆட்டம் பிறகு" என்று அறிவித்தார். அறிவித்தது உண்மை. அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கீச்சிட்டு ஊளையிட்டதால், பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது.

உஷாராணி பக்கத்தில் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் அணியின் இடப்பக்கத் தற்காப்பு, முப்பத்தெட்டு வயது, டியூஷன் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறவள். ஞாயிறு வகுப்பு முடிந்து கடைசிப் பிள்ளையை வீட்டில் இறக்கிவிட்டு, வேனுக்குள்ளேயே உடை மாற்றிக்கொண்டு, அப்போதுதான் ஓடி வந்திருந்தாள். முதுகில் 'உஷாராணி ஏ/பி' என்று எழுதியிருந்தது. அடையாள அட்டையில் இருக்கிறபடியே, 'ஏ/பி', அதாவது இன்னார் மகள் என்பது வரை அச்சடித்துக்கொண்டு போன கடைக்காரருக்கு, இன்னார் யார் என்று போட இடம் போதவில்லை. பதினான்கு வருடமாக ஆடுகிறாள், ஒரு கோல்கூட அடித்ததில்லை. அவள் நடுக்கோட்டை நெருங்கினாலே பயிற்றுநர், "உஷா, நில்லு, அங்கயே நில்லு!" என்று தொண்டை கிழியக் கத்துவார். அவளும் நின்றுவிடுவாள்.

நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். நாலு இருபத்திரண்டு. டத்தோ தம் பளபளப்பான தோல் சப்பாத்தால் பந்தை உதைத்தார். வெரோனிகா ஊதினாள். ஊதுவது என்று ஆகிவிட்டால் அவளுக்கு அரைகுறையாக ஊதத் தெரியாது. நீளமாக, கணீரென்று, பூச்சோங் முழுக்கக் கேட்கிற மாதிரி ஊதினாள்.

பந்து கோணலாக உருண்டு வந்து உஷாராணியின் காலடியில் நின்றது. அவள் நிமிர்ந்தாள். விசில் ஊதியாகிவிட்டது. பந்து தன்னிடம். எதிரே திடல் காலியாகக் கிடந்தது. அன்றைக்கு "நில்லு" என்று கத்த வேண்டிய பயிற்றுநர், டத்தோவோடு படம் எடுக்க முண்டியடித்துக்கொண்டிருந்தார்.

உஷாராணி ஓடினாள்.

முதலில் எல்லோரும் கைதட்டினார்கள், நிகழ்ச்சியில் இதுவும் ஓர் அங்கம் என்று நினைத்து. பதினான்கு வருடமாகத் தாண்டாத கோட்டை அவள் தாண்டினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, பந்தைக் கொஞ்சம் அதிகமாகவே தள்ளித் தள்ளி, பின்னால் யாரோ துரத்துகிறார்கள் என்று நம்பிக்கொண்டு ஓடினாள். பெட்டிக்கு வெளியிலிருந்தே இடது காலால் ஓங்கி உதைத்தாள். பந்து மேல் மூலையில் போய் விழுந்து வலை ஆடியது. கோல்காப்பாளர் நின்றிருந்தாலும் பிடித்திருக்க முடியாது. கோல்காப்பாளர் நின்றிருந்ததோ நூற்றைம்பது அடிக்கு இந்தப் பக்கம், டத்தோ கழுத்தில் மாலை போட்டுக்கொண்டு.

உஷாராணி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு திரும்பினாள். பிறகு டத்தோ மட்டும், "பாகுஸ்! பாகுஸ்!" என்று மலாயில் மெச்சிக் கைதட்டினார்.

அதற்கப்புறம் நடந்ததைச் செயற்குழு மொழியில் கலந்துரையாடல் என்பார்கள். இரண்டு தலைவர்களும் வெரோனிகாவின் இரண்டு காதுகளையும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

"விசில் அடிச்சாச்சு, பந்து உள்ள போயாச்சு, கோலு கோலுதான்!" இது விஜயன்.

"உதைச்சது டத்தோ! அவரு என்ன உங்க ஆளா?"

"டத்தோ எங்க மன்றத்துக்கு ஆயுட்கால ஆலோசகரு. எங்க ஆளுதான்."

"எங்க மன்றத்துக்கும் அவருதான்யா ஆயுட்கால ஆலோசகரு!"

டத்தோ தம்மைச் சுற்றி நடப்பது தமக்குச் சம்பந்தமில்லாத மாதிரி மாலையைச் சரிசெய்துகொண்டார். ரெங்கசாமி உடனே சமாதானத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். கோலை எடுக்கவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். கிள்ளான் பெண் ஒருத்தியையும் ஒரு தடவை காலி வலையில் அடிக்கவிட்டு, ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டத்தைத் தொடங்கலாம். கல்யாண வீட்டில் ஒரு பக்கத்துக்குச் சட்டைத்துணி வைத்தால் அடுத்த பக்கத்துக்கும் வைப்பதில்லையா? இரண்டு தலைவர்களும் யோசிக்க வேறு ஆரம்பித்துவிட்டார்கள்.

"போதும்" என்றாள் வெரோனிகா. "கோல் இல்ல. ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்ல. நான் ஊதியிருக்கக் கூடாது, ஊதிட்டேன். தப்பு என்னுது."

திடலில் இருந்தவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். இந்தப் போட்டியின் முப்பது வருடச் சரித்திரத்தில் யாரும் சொல்லாத வாக்கியம் அது. உஷாராணி மூச்சிரைக்க அவள் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க ஊதுனீங்களா இல்லையாக்கா?"

"ஊதினேன்."

"அப்ப நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல."

உஷாராணி தன் இடத்துக்கு, அந்த இடப்பக்க மூலைக்குத் திரும்பிப் போனாள். பந்தை எடுத்துவர யாரும் போகவில்லை. வெரோனிகாவே நடந்து போய் வலைக்குள்ளிருந்து எடுத்து வந்தாள்.

நாலு முப்பத்தெட்டுக்கு நிஜ ஆட்டம் தொடங்கியது. நாகையாவின் ராகு காலத்தில் எட்டு நிமிடம் போயிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு தொண்ணூறு நிமிடமும் வெரோனிகா நடத்திய ஆட்டம் இருக்கிறதே, ரெங்கசாமியாலேயே பேனாவைத் தட்ட முடியவில்லை. பந்து இருக்கிற இடத்தில் அவள் இருந்தாள். சட்டையைப் பிடித்து இழுத்தவளுக்கு அட்டை காட்டினாள். விழுந்து நடித்தவளை, "எந்திரிம்மா, புல்லு ஈரம்" என்று எழுப்பினாள். இரண்டு பக்கமும் திட்டினார்கள், சமமாக. எழுபத்தோராவது நிமிடத்தில் கிள்ளானின் மூலை உதை ஒன்று தலை தலையாகப் பட்டு உள்ளே போனது. அதுதான் ஆட்டத்தின் ஒரே கோல். கடைசிப் பத்து நிமிடம் பிரிக்பீல்ட்ஸ் முழுக்க முன்னால் ஏறியது, உஷாராணியைத் தவிர. அவளைப் பயிற்றுநர் நில்லு என்று சொல்லியிருந்தார்.

கிள்ளான் கிண்ணத்தை ஜெயித்தது. தம் ராகு காலத்தில் தொடங்கிய ஆட்டத்தில் தமக்கே வெற்றி வந்ததை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் நாகையா கொஞ்சம் தடுமாறினார். பிறகு, நல்ல நேரத்தில் டத்தோ உதைத்த உதைதான் காரணம் என்று கண்டுபிடித்துத் தெளிந்தார். விஜயன் ஆட்சேபக் கடிதம் எழுதப் போவதாகச் சொன்னார். எழுதினால், நாலு இருபத்திரண்டுக்கு விசில் ஏன் ஊதப்பட்டது என்று மேலிடம் கேட்கும். கேட்டால், இரண்டு தலைவர்கள் நாள்காட்டியும் கையுமாகச் சண்டை போட்ட கதை பத்திரிகைக்குப் போகும். படத்தோடு போகும். இந்த ஒரு தடவை மட்டும் படத்தில் வெட்டுப்பட்டுப் போக இரண்டு பேருமே ஆசைப்பட்டார்கள்.

ஆகவே பரிசளிப்புக்கு முன்னால் வெரோனிகாவைக் கூடாரத்துக்குள் கூப்பிட்டபோது, நாகையாவும் விஜயனும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே தட்டில் கறிபாப் தின்றுகொண்டிருந்தார்கள். நேருக்கு நேர் பேசிக்கொண்டும் இருந்தார்கள். ரெங்கசாமி ஆட்ட அறிக்கையை நீட்டினார். எழுதியே வைத்திருந்தார், அவள் கையெழுத்துதான் பாக்கி.

'மாலை 4.22 அளவில் பக்கத்துத் திடலில் ஊதப்பட்ட விசிலைத் தவறாகப் புரிந்துகொண்டு பிரிக்பீல்ட்ஸ் அணியின் மூன்றாம் எண் ஆட்டக்காரர் தனியாக ஓடிப் பந்தை வலைக்குள் அடித்தார். ஆட்டம் அப்போது தொடங்கியிருக்கவில்லை.'

"யாருக்கும் நஷ்டமில்ல பாரு" என்றார் ரெங்கசாமி. "உன் பேருல தப்பே இல்ல. நல்லாத்தான் நடத்துன, எட்டரை போட்டிருக்கேன். அடுத்த வருஷ பைனலும் உனக்குத்தான். ஒரு சைனு, அவ்வளவுதான்."

"டீச்சருக்கு நாங்க பொன்னாடை தனியா வச்சிருக்கோம்" என்றார் விஜயன்.

வெரோனிகா பேனாவைக் கையில் வாங்கினாள். சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கு ஆசை வந்தது. நன்றாகவே வந்தது. இன்னும் இரண்டு வருடம். இரண்டு இறுதியாட்டம். எந்தக் கோமாளிக் கூத்தும் இல்லாமல் ஒழுங்காகத் தொடங்கி ஒழுங்காக முடிக்கிற ஓர் ஆட்டமாவது அதில் கிடைக்காதா? கறுப்புச் சட்டை, நடு வட்டம், எல்லோரும் அவள் விசிலுக்காகக் காத்து நிற்பது. பேனா முனை தாளில் பட்டுவிட்டது.

வெளியே ஒலிபெருக்கி இப்போது பிரமாதமாக வேலை செய்தது. கூடாரத்தில் முடிவானது அறிவிப்பாளரிடம் அதற்குள் போயிருந்தது.

"டத்தோ மேடைக்கு வரும்வரைக்கும் ஒரு சின்ன ஜோக்! பக்கத்து பாடாங்ல யாரோ விசில் அடிச்சா, இங்க ஓடிப் போயி கோல் போட்ட நம்ம மூணாம் நம்பர் அக்கா எங்க? கைய தூக்குங்க அக்கா! அக்காவுக்குக் காது செக் பண்ண ஒரு வவுச்சர் குடுங்கப்பா!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வெரோனிகா கூடாரத்தின் திறப்பு வழியாகப் பார்த்தாள். உஷாராணி கையைத் தூக்கியிருந்தாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள், வேறு என்ன செய்வாள்? சொந்த அணிப் பெண்களே அவள் காதைப் பிடித்து இழுத்து விளையாடினார்கள். நாளைக்கு வேனில் ஏறும் பிள்ளைகள்வரைக்கும் இது போய்விடும். அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம், அவள் ஆடுகிற காலமெல்லாம், ஆடி முடித்த பிறகும், அடுத்த வீட்டு விசிலுக்கு ஓடினவள் என்றுதான் அவளுக்குப் பெயர்.

யாருக்கும் நஷ்டமில்லை என்று ரெங்கசாமி சொன்னது இதைத்தான்.

வெரோனிகா அந்தப் பத்தியின்மேல் குறுக்கே ஒரு கோடு போட்டாள். கீழே எழுதினாள். அவள் எழுத்து எப்போதும் கொஞ்சம் பெரிது. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தலைகீழாக மூன்று பேரும் படித்தார்கள். 'மாலை 4.22க்கு ஊதிய விசில் என்னுடையது. ராகு காலத்துக்காக ஊதச் சொன்னார்கள், ஊதினேன். மூன்றாம் எண் உஷாராணி விசில் கேட்டுச் சரியாகவே ஓடினார். தவறு அவருடையது அல்ல.' கையெழுத்துப் போட்டாள்.

"என்னம்மா இது?" நாகையாவின் கையில் பாதிக் கறிபாப் அப்படியே நின்றது.

"இத மேல அனுப்புனா உனக்கு இனிமே நடு கிடையாது. தெரியும்ல?" என்றார் ரெங்கசாமி. குரலில் மிரட்டல் இல்லை; கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. எட்டரையை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினார்.

"தெரியும்ணே."

அவள் வெளியே வந்தாள். நேராக அறிவிப்பாளரிடம் போய்க் கையை நீட்டினாள். நடுவர் கேட்டால் கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்று அவனும் மைக்கைக் கொடுத்துவிட்டான்.

"பக்கத்து பாடாங் விசில் இல்ல. நான் ஊதின விசில். ராகு காலத்துக்கு முன்னால ஊதுன்னாங்க, ஊதிட்டேன். அந்த அக்கா சரியாத்தான் ஓடுனாங்க. ரிப்போர்ட்லயும் அப்படித்தான் எழுதியிருக்கேன்."

மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். யாரும் கைதட்டவில்லை. டத்தோ என்ன நடந்தது என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் ஒன்றுமில்லை என்றார். உஷாராணியின் காதைப் பிடித்திருந்த பெண் கையை எடுத்துக்கொண்டாள்.

வெரோனிகா காருக்குப் போகும் வழியில் உஷாராணி பின்னாலேயே ஓடி வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. கண் நிறைந்திருந்தது. ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறவள் மாதிரி வந்துவிட்டு, ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"அக்கா, நீங்க பாத்தீங்கதானே? அது எப்படிப் போச்சு?"

"எல்லாரும் வேடிக்கையாத்தான் பாத்தாங்க. நான் ஒருத்திதான் கோலாப் பாத்தேன்" என்றாள் வெரோனிகா. "மேல் மூலையில போச்சு. பதினாறு வருஷத்துல நான் பாத்ததுல அதான்டி நல்ல கோலு. அதக் கெடுத்தது நான்."